நூறு கோடி டாலரைத் தாண்டிய சைக்கிள் பயணம்

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தின் முதல் வார இறுதியில் நடைபெறும் ‘பான்-மாஸ் சேலஞ்ச்’ என்னும் நெடுந்தூர சைக்கிள் பயணம், விளையாட்டின் வழியாக அறப்பணிக்கு நிதி திரட்டும் முயற்சிகளில் உலக அளவில் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுவது. 1980-இல் 36 பேருடன் தொடங்கிய இப்பயணத்தில் இன்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொள்கிறார்கள். 2024-ஆம் ஆண்டில் மட்டும் 7.5 கோடி டாலர், அதாவது அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 630 கோடி ரூபாய், திரண்டது. அந்த ஆண்டோடு, பாஸ்டன் நகரில் உள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்துக்கு இப்பயணம் கொடுத்துவந்த மொத்தத் தொகை நூறு கோடி டாலரைத் தாண்டியது. இது பந்தயம் அன்று. வென்றவர் பட்டியலோ பரிசோ இதில் கிடையாது.

புற்றுநோய் விழிப்புணர்வு என்ற பெயரில் சைக்கிள் பயணங்கள் இன்று பல நாடுகளிலும் நடக்கின்றன. கொடியசைப்பு, ஒரே நிறத்தில் பனியன், வாசகம் எழுதிய பதாகை, மறுநாள் நாளிதழில் ஒரு படம் என்ற அளவோடு அவற்றுள் பல முடிந்துவிடுகின்றன. பயணம் சென்றவர்களின் உழைப்பு உண்மையானதாக இருந்தும், அந்த உழைப்பு எந்த நோயாளியிடம், எந்த ஆய்வுக்கூடத்திடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பயணம், ஒரே நிறுவனத்துக்காக, வளர்ந்துவந்த தொகையோடு எவ்வாறு நீடித்தது என்பது அதனாலேயே ஆராயத்தக்க கேள்வியாகிறது. அதற்கான காரணம், மிதித்தவர்களின் கால் வலுவைக் காட்டிலும், அவர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு ஒழுங்கில்தான் மிகுதியாக அடங்கியிருக்கிறது.

தாயின் நோயும் மகனின் தொடக்கமும்

பயணத்தைத் தொடங்கிய பில்லி ஸ்டார், பாஸ்டனை அடுத்த நியூட்டனில் வளர்ந்தவர். அவருடைய தாய் பெட்டி ஸ்டார், 1974-இல், 49 வயதில், மெலனோமா என்னும் புற்றுநோயால் இறந்தார். தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் தோன்றும் மெலனோமா, தோலளவில் இருக்கும்போது கண்டறியப்பட்டால் அறுவை சிகிச்சையால் பெரும்பாலும் குணமாகக்கூடியது. ஆனால் நுரையீரல், கல்லீரல், மூளை என்று பரவிவிட்டால், எழுபதுகளில் மருத்துவர்களிடம் நம்பிக்கையளிக்கும் மருந்து எதுவும் இல்லை. தாயை இழந்த மகன், ஆறு ஆண்டுகளுக்குப் பின், தனக்குப் பழக்கமான சைக்கிளையே வழியாகக் கொண்டு, நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்து கடற்கோடியில் உள்ள ப்ராவின்ஸ்டவுன் வரை ஏறத்தாழ 350 கி.மீ. மிதித்தார். திரண்ட தொகை 10,200 டாலர். அது அப்படியே டானா-ஃபார்பரின் ‘ஜிம்மி நிதி’க்குச் சென்றது.

ஜிம்மி நிதி எப்படிப் பிறந்தது என்பதை விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் அந்த வரலாற்றின் ஒரு கிளை சென்னைக்கு வந்து சேர்கிறது.

திருவல்லிக்கேணியில் படித்தவரின் மருந்து

1947 வரை, குழந்தைகளுக்கு வரும் தீவிர லுக்கீமியாவுக்கு, அதாவது எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள் பெருகி நல்ல இரத்தத்தை நெருக்கிவிடும் புற்றுக்கு, மருந்தே கிடையாது. நோய் தெரிந்த சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் குழந்தை இறந்துவிடும். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்கூற்றியல் வல்லுநராக, அதாவது இறந்த உடலையும் நோயுற்ற திசுவையும் ஆராய்ந்து நோயை அறிபவராக, இருந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினைச் சார்ந்த பொருள்களைக் கொடுத்தால் லுக்கீமியா செல்கள் மேலும் விரைவாகப் பெருகுவதாகக் கருதினார். அப்படியானால் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருள் ஒன்று கிடைத்தால் நோயை அடக்க முடியுமா என்று அவர் கேட்டார். அந்தப் பொருளைக் கொடுத்தது லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். அதன் ஆய்வுப் பணிகளுக்குத் தலைவராக இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவை அரங்கில் கதர் அங்கி அணிந்ததால் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழையே பெற்றவர். ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்கு உடன்பிறந்தாரைப் பறிகொடுத்த அவர், அந்நோய்க்கு மருந்தாகப் பயன்படும் ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் முயற்சிக்கே பின்னாளில் தலைமை தாங்கினார் என்பது மருத்துவ வரலாற்றில் மனத்தை உலுக்கும் செய்திகளில் ஒன்று. ஃபோலிக் அமிலத்தின் அமைப்பைச் சற்று மாற்றி, செல்லை ஏமாற்றி அதன் பெருக்கத்தை நிறுத்தும் அமினோப்டெரின் என்ற மருந்து அவருடைய குழுவிலிருந்து வந்தது.

அம்மருந்தைப் பெற்ற 16 குழந்தைகளின் நிலையை ஃபார்பர் 1948 ஜூன் மாதத்தில் வெளியிட்டார். அவர்களில் 10 பேருக்கு நோய் தணிந்தது. மண்ணீரல் வீக்கம் வற்றியது, இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது, படுத்துக் கிடந்த குழந்தைகள் எழுந்து விளையாடினார்கள். தணிந்த நோய் சில மாதங்களில் திரும்பி வந்தது என்றாலும், குழந்தைகளின் தீவிர லுக்கீமியாவை மருந்தால் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது அன்று நிறுவப்பட்டது. சுப்பாராவ் அதே ஆண்டு ஆகஸ்டில் காலமானார். அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட், குழந்தைகளின் லுக்கீமியா சிகிச்சையில் இன்றும் இடம்பெறுகிறது. அன்று மரணத் தீர்ப்பாக இருந்த அந்நோயிலிருந்து, வளமான நாடுகளில் பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் அளவுக்கு இன்று பிழைக்கிறார்கள். சென்னை தன் மாணவருக்கு அன்று முழுப் பட்டம் தரவில்லை. இன்றும் அவரை உரிய அளவுக்கு நினைவுகூரவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

ஆய்வைத் தொடர ஃபார்பருக்குப் பணம் தேவைப்பட்டது. 1948 மே 22 அன்று இரவு, நாடெங்கும் ஒலிபரப்பான ஒரு வானொலி நிகழ்ச்சியில், மருத்துவமனைப் படுக்கையில் இருந்த 12 வயதுச் சிறுவன் ஒருவனோடு அறிவிப்பாளர் உரையாடினார். அவன் பெயரை மறைப்பதற்காக ‘ஜிம்மி’ என்று அழைத்தார்கள். அவனுக்குப் பிடித்த பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் வந்தார்கள். சிறுவன் ஆட்டம் பார்க்க ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கக் காசு அனுப்புங்கள் என்ற வேண்டுகோளுக்கு, 2.31 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. அதுவே ஜிம்மி நிதியின் முதல் தொகை. அந்தச் சிறுவன் இறந்திருப்பான் என்றே பல்லாண்டுகள் பலர் நம்பியிருக்க, மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஐனார் குஸ்டாஃப்சன் என்பவரே அவர் என்று, நிதியின் ஐம்பதாம் ஆண்டான 1998-இல் உலகம் அறிந்தது. லாரி ஓட்டிப் பிழைத்து, குடும்பத்தோடு வாழ்ந்த அவர், 2001-இல் தம் 65-ஆம் வயதில் இறந்தார்.

ஆகவே பில்லி ஸ்டார் தம் 10,200 டாலரைக் கொண்டுபோய்க் கொடுத்த இடம், பொதுமக்களின் சிறுகாசால் எழுந்த இடம். இன்று ஜிம்மி நிதியின் ஆண்டு வருவாயில் பாதிக்கு மேற்பட்ட பங்கு இந்தச் சைக்கிள் பயணத்திலிருந்து வருகிறது.

சாலையில் நடப்பது

பயணத்துக்குப் பல வழிகள் உண்டு. ஒரே நாளில் முடியும் குறுகிய சுற்றுகளும் அவற்றுள் அடங்கும். எனினும், ஸ்டர்பிரிட்ஜ் என்னும் உள்நாட்டுச் சிற்றூரில் தொடங்கி, இரண்டு நாளில் சுமார் 300 கி.மீ. கடந்து ப்ராவின்ஸ்டவுனில் முடியும் பாதையே இதன் முதுகெலும்பு. முதல் நாள் காலை முழுவதும் மேடும் பள்ளமுமான குன்றுச் சாலை. பிற்பகலில் ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தோடு சமவெளி. மாலையில் போர்ன் என்ற ஊரின் கடல்சார் பயிற்சிக் கல்லூரியில் தங்கல். மறுநாள் விடியும் முன்பே கேப் காட் கால்வாயின் மீதுள்ள உயர்ந்த பாலத்தை ஆயிரக்கணக்கான சைக்கிள் விளக்குகள் கடக்கின்றன. முழங்கையை மடக்கி உயர்த்திய கைபோல அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டிருக்கும் கேப் காட் தீபகற்பத்தின் வழியே, எதிர்காற்றும் மணல்மேடுகளும் கடந்தால் முடிவிடம் வருகிறது. பயிற்சி இல்லாதவர் எளிதில் முடிக்கக்கூடிய தொலைவு அன்று இது. வசந்தகாலம் தொடங்கியே வாரந்தோறும் மிதித்துப் பழகியவர்களுக்குத்தான் இரண்டாம் நாளின் சேணம் தாங்கும்.

மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இந்த இரண்டு நாளையும் தாங்கி நிற்கிறார்கள். பள்ளி மைதானங்களில் அமைக்கப்படும் தண்ணீர் நிலையங்களில் வாழைப்பழமும் ஆரஞ்சுச் சுளையும் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியும் எடுத்து நீட்டுபவர்கள், பஞ்சரான டியூபை மாற்றிக் கொடுப்பவர்கள், தசைப்பிடிப்புக்குப் பனிக்கட்டி கட்டுபவர்கள் என்று அவர்கள் பலதரப்பட்டவர்கள். வழியில் ஓரிடத்தில், சாலையோரக் கம்பங்களில் குழந்தைகளின் படங்கள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஜிம்மி நிதியின் மருத்துவப் பிரிவில் சிகிச்சை பெறும் அல்லது பெற்ற குழந்தைகளுள் ஒருவரை மிதிப்பவர்களின் குழு ஒன்று தன் துணைவராக ஏற்றுக்கொள்கிறது. ஆண்டு முழுவதும் அக்குடும்பத்தோடு தொடர்பு வைத்துக்கொள்கிறது. பயண நாளில் அக்குழந்தை உடல்நிலை இடங்கொடுத்தால் தண்ணீர் நிலையத்துக்கு வந்து தன் குழுவை வரவேற்கிறது. தலைமுடி உதிர்ந்த குழந்தையும் மறுபடி முடி வளர்ந்த குழந்தையும் அந்தப் படங்களில் அடுத்தடுத்து இருக்கிறார்கள். சில படங்களில் உள்ள குழந்தைகள் இப்போது இல்லை. அவ்விடத்தில் பெரும்பாலோர் வேகத்தைக் குறைக்கிறார்கள், சிலர் இறங்கி நிற்கிறார்கள்.

மிதிப்பவர்களிலேயே நூற்றுக்கணக்கானோர் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் அல்லது இன்னும் சிகிச்சையில் இருப்பவர்கள். புற்றுநோய் என்றால் முடிவு என்று எண்ணும் ஒருவருக்கு, நோய் வந்தவரே தம் பக்கத்தில் மேடேறி மிதிப்பதைக் காண்பதைவிடப் பெரிய விழிப்புணர்வுப் பாடம் இருக்க முடியாது.

கணக்கு ஒழுங்கு

இப்பயணத்தின் உண்மையான புதுமை சாலையில் இல்லை; விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது. பதிவு செய்யும் ஒவ்வொருவரும், தேர்ந்தெடுத்த பாதைக்கு ஏற்ப, சில நூறு டாலரிலிருந்து பல ஆயிரம் டாலர் வரையிலான குறைந்தபட்சத் தொகையைத் திரட்டித் தருவதாக உறுதியளிக்கிறார். உறுதியளிப்பதோடு தம் கடன் அட்டையின் எண்ணையும் கொடுக்கிறார். குறிப்பிட்ட நாளுக்குள் தொகை சேரவில்லை என்றால், குறையும் தொகை அவருடைய அட்டையிலிருந்தே எடுத்துக்கொள்ளப்படும். கேட்பதற்குக் கடுமையாகத் தோன்றும் இந்த விதிதான், ‘பார்க்கலாம்’ என்ற நல்லெண்ணத்தைக் ‘கொடுத்தே ஆகவேண்டும்’ என்ற கடமையாக மாற்றுகிறது. விதி கேட்பதை விடவும் அதிகமாகவே பெரும்பாலோர் திரட்டுகிறார்கள். 2024-இன் தொகையை மிதித்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால், ஆளுக்குச் சராசரியாகப் பத்தாயிரம் டாலருக்கு மேல் வருகிறது.

இரண்டாவது ஒழுங்கு, திரட்டிய பணம் முழுவதும் போய்ச் சேர்வது. அறக்கொடை நிகழ்ச்சிகளில் பந்தல், உணவு, விளம்பரம், அலுவலகச் சம்பளம் என்று நன்கொடையின் ஒரு பங்கு நிகழ்ச்சிக்கே செலவாவது வழக்கம். சில இடங்களில் செலவு போக மிஞ்சுவது வெட்கப்படத்தக்க அளவில் இருக்கும். பான்-மாஸ் சேலஞ்சில் நடத்தும் செலவைப் பதிவுக் கட்டணமும் புரவலர் நிறுவனங்களும் ஏற்றுக்கொள்வதால், 2007 முதல், மிதிப்பவர் திரட்டிய ஒவ்வொரு டாலரும் முழுதாக டானா-ஃபார்பருக்குச் செல்கிறது. நண்பரிடம் நூறு டாலர் கேட்பவர், நூறும் போகும் என்று கூச்சமின்றிச் சொல்ல முடிகிறது. ஆண்டுக்கு ஆண்டு அதே நண்பரிடம் மறுபடி கேட்க முடிவதும் இதனால்தான்.

மூன்றாவது, அதிகம் பேசப்படாதது. இப்பணம் பெரும்பாலும் கட்டுப்பாடற்ற நிதியாக, அதாவது இன்ன ஆய்வுக்கு மட்டுமே என்ற நிபந்தனை இல்லாமல், நிறுவனத்தின் பொறுப்பில் விடப்படுகிறது. அரசு தரும் ஆய்வு மானியங்கள், ஓரளவு முடிவுகளைக் கையில் வைத்திருப்பவருக்கே எளிதில் கிடைக்கும். முடிவு தெரியாத புதிய கருத்தோடு வரும் இளம் ஆய்வாளருக்கு அந்த முதல் முடிவுகளைப் பெறுவதற்கே பணம் வேண்டும். நிபந்தனையற்ற கொடை அந்த இடைவெளியை நிரப்புகிறது. எந்தக் கண்டுபிடிப்பில் எந்த சைக்கிள்காரரின் டாலர் இருக்கிறது என்று பிரித்துக் காட்ட இயலாது என்பது இதன் விலை. அந்த விலை கொடுக்கத் தகுந்தது.

பெட்டி ஸ்டாரைக் கொன்ற நோயை எடுத்துக்கொண்டாலே இது விளங்கும். உடலின் காவலர்களான டி செல்களுக்கு இயற்கையிலேயே தடைகள் உண்டு. அத்தடைகளைப் புற்றுநோய் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. அவற்றை விடுவித்தால் உடலே புற்றைத் தாக்கும் என்ற கருத்து நெடுங்காலம் ஐயத்தோடு பார்க்கப்பட்டது. அத்தடைகளில் ஒன்றை இயக்கும் பி.டி-எல்1 என்ற மூலக்கூறை 2000-ஆம் ஆண்டில் விவரித்தவர்களில் டானா-ஃபார்பரின் கார்டன் ஃப்ரீமன் ஒருவர். பரவிய மெலனோமா நோயாளிகளின் ஆயுளை இபிலிமுமாப் என்ற மருந்து நீட்டிக்கிறது என்று 676 பேரிடம் நடத்திய சோதனையால் காட்டிய 2010-ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், அதே நிறுவனத்தின் ஸ்டீபன் ஹோடி. அம்மருந்தும் நிவோலுமாப் என்ற மற்றொரு மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் உயிரோடு இருந்ததாக 2019-இல் மற்றொரு சோதனை தெரிவித்தது. 1974-இல் இந்த எண்ணை யாரும் கனவிலும் கண்டிருக்க முடியாது.

பெருந்தொற்றால் 2020-இல் கூட்டுப் பயணம் நிறுத்தப்பட்டு, அவரவர் தத்தம் ஊரில் தனித்தனியே மிதித்த ஆண்டிலும் 5 கோடி டாலர் சேர்ந்தது. கூட்டமும் கைதட்டலும் இல்லாமலே பணம் வந்தது என்றால், அது பழகிய மனிதர்களுக்கு இடையிலான நம்பிக்கையிலிருந்து வந்தது என்றே கொள்ள வேண்டும்.

ஒருவரைச் சார்ந்ததும் பலரைச் சார்ந்ததும்

சைக்கிளையும் புற்றுநோயையும் சேர்த்து உலகம் அதிகம் கேட்ட பெயர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். 1996-இல் விதைப்புற்றுநோய்க்கு ஆளாகி மீண்ட அவர் 1997-இல் தொடங்கிய அறக்கட்டளை, 2004-இல் வெளியிட்ட மஞ்சள் ரப்பர் வளையம் கோடிக்கணக்கில் விற்றது; நோயாளிகளுக்கு வழிகாட்டும் நல்ல பணிகளையும் அது செய்தது. ஆனால் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக 2012-இல் அவருடைய ஏழு டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயப் பட்டங்களும் பறிக்கப்பட்டபோது, அவர் அறக்கட்டளையிலிருந்து விலக நேர்ந்தது; அமைப்பு தன் பெயரையே மாற்றிக்கொண்டது. நோயாளிகள் எந்தத் தவறும் செய்யாதிருந்தும் அவர்களுக்கான நிதி தளர்ந்தது. ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்களின் தோளில் ஏற்றப்பட்ட பாரத்துக்கு அத்தகைய ஆபத்து குறைவு.

பான்-மாஸ் சேலஞ்சுக்கும் எல்லை உண்டு. பல ஆயிரம் டாலர் திரட்டும் உறுதியை, வசதியான நண்பர்களும் உறவினர்களும் உடையவரே எளிதில் தர முடியும். பாஸ்டனைச் சுற்றியுள்ள செல்வமும் மருந்துத் தொழிலும் இல்லாத ஒரு பகுதியில் இத்தனை தொகை வராது. திரளும் பணம் ஒரே நிறுவனத்துக்குச் செல்வதும் மற்ற இடங்களின் நோயாளிகளுக்கு நேரடியாக உதவுவது அன்று. எனினும் இதன் விதிகளுக்குச் செல்வம் தேவையில்லை. பத்தாயிரம் ரூபாய் திரட்டும் பயணத்துக்கும் அவை பொருந்தும்.

விழிப்புணர்வு என்பதும் அவ்வாறே துல்லியமாக இருக்க வேண்டும். புற்றுநோயை ஒழிப்போம் என்று எழுதிய பதாகையால் யாரும் மருத்துவரிடம் போவதில்லை. மச்சத்தின் ஓரம் ஒழுங்கற்றுப் பரவினாலோ, நிறம் மாறினாலோ, 6 மில்லிமீட்டருக்கு மேல் பெரிதானாலோ காட்ட வேண்டும் என்பதும், மெலனோமா குறைவாகவே வரும் கருநிறத் தோலினருக்கு அது வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலேயே பெரும்பாலும் வருகிறது என்பதும் ஒருவரைக் காப்பாற்றக்கூடிய செய்திகள். நம் நாட்டில் மிகுதியாக உள்ள வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுகளுக்கும் இப்படிக் குறிப்பான அறிகுறிகளும் எளிய சோதனைகளும் உள்ளன.

அடுத்த முறை உங்கள் ஊர் வழியாகப் புற்றுநோய் விழிப்புணர்வு சைக்கிள் பயணம் ஒன்று வந்தால், மிதிப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள். அதோடு, திரளும் பணத்தில் எத்தனை ரூபாய் எந்த மருத்துவமனைக்குப் போகிறது என்றும், எந்தப் புற்றுக்கு எந்தச் சோதனையைச் செய்துகொள்ளச் சொல்கிறார்கள் என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான விடை சொல்பவர்களுக்குத் தயங்காமல் கொடுங்கள். அடுத்த ஆண்டும் கொடுங்கள்.